ஆறும் வரை

காக்கி புக்கிட்டில் எங்கள் சமையற்கூடம் ஆறாவது மாடி.
வேன் ஏறிவிடும், முனகிக்கொண்டே.
இறங்குவதுதான் சங்கதி:
ஒரே பக்கமாய் வளைந்து வளைந்து போகிற சரிவு,
பின்னால் இருநூற்றைம்பது பேருக்குச் சாம்பார்,
பிரேக்கிலிருந்து காலை எடுக்க இடமே இல்லை.

நான்காவது மாடியில் வாசம் வந்தது.
"அக்கா, கத்தரிக்காயா கருகுது?" என்றான் ஹஸ்ரின்.
கத்தரிக்காய் இல்லை.
மூன்றாவது மாடியில் பெடல் பஞ்சாய் இறங்கியது.
இன்னொரு படி இருக்கிறதென்று நினைத்து
வெறுங்காற்றில் கால் வைப்போமே,
அப்படி.

முதல் கியருக்குத் தள்ளினேன். எஞ்சின் அலறியது.
கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாய் இழுத்து
டயர்க்கடை லாரிக்கு ஒரு சாண் பின்னால்
நின்றோம்.
சாம்பார் மட்டும் நிற்கவில்லை,
மூடியைத் தள்ளிக்கொண்டு என் முதுகுவரை வந்தது.

முன்சக்கரத்தில் புகை.
தண்ணீர்ப் போத்தலோடு ஓடினான் ஹஸ்ரின்.
"ஊத்தாதே! டிஸ்க் விரிசல் விடும். ஆறட்டும்."
தோ பாயோவிலிருந்து கல்யாணக்காரர்
போன் அடித்துக்கொண்டே இருந்தார்.
"இன்னும் எவ்வளவு நேரம்?"
கை வைத்தால் சுடாத வரைக்கும், என்றேன்.
அவருக்கு அது ஒரு கணக்காகப் படவில்லை.

பட்டறையில் வீ கியோங் டப்பாவைத் திறந்து காட்டினான்.
தேன்நிறமாய் இருக்கவேண்டிய பிரேக் ஆயில்
கோப்பி ஓ மாதிரி கிடந்தது.
எங்கும் ஒழுகவில்லை. உள்ளேதான் வந்திருக்கிறது:
ரப்பர் குழாயின் தோல் வழியே
நாலு வருஷமாய் இந்த ஊர்க் காற்றின் ஈரத்தை
உறிஞ்சி உறிஞ்சிக் குடித்திருக்கிறது.
சூட்டில் அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாக,
என் காலின் பலத்தையெல்லாம்
ஆவி வாங்கி வைத்துக்கொண்டது.

முதலாளி குணரஞ்சன் விரல்விட்டு எண்ணினார்.
சிஓஇ முடிய ஏழு மாதம்.
"ஸ்கிராப்புக்குப் போற வண்டிக்குப் புது ஆயில் எதுக்கு?"
சட்டையில் சாம்பார் காய்ந்து விறைத்திருந்தது.
சாவியை அவர் மேசையில் வைத்தேன்.
"நாளைக்கு நீங்க இறக்குங்க."

சாவியையே பார்த்துக்கொண்டிருந்தவர்
வீ கியோங்கின் நம்பரைக் கேட்டார்.

மிதி, என்றான் வீ கியோங் வண்டிக்கடியிலிருந்து.
பிடி.
விடு.
மிதி.
தெளிந்த குழாயில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன,
கறுத்த ஆயில் வந்தது, பிறகு வெளிறியது.
என் காலுக்கடியில் மெல்ல மெல்ல
ஒரு தரை முளைத்தது.

மிச்சமிருந்த புது ஆயில் போத்தலை
அவன் உடனே திருகி மூடினான்.
பட்டறைக் கதவு திறந்தேதான் கிடந்தது.
வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது.