மலை தெரியணும்

முதலில் பதினோரு நிபந்தனைகள்தான்.
பேங்க்கில் கொடுத்த டைரியில்
ஜனவரி ஒன்றாம் தேதிப் பக்கத்தில்
நான் சொல்லச் சொல்லத் தெய்வசிகாமணி எழுதினார்.
கிழக்குப் பார்த்த வாசல்.
சிறுவாணித் தண்ணி.
பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரத்தில்,
பஸ் சத்தம் மட்டும் கேட்கக் கூடாது.
வேப்பமரம் ஒன்று,
சருகு பக்கத்து வீட்டில் விழ வேண்டும்.
ஜன்னலைத் திறந்தால் மலை தெரியணும்.
விலை நாற்பத்தெட்டுக்குள்.

பட்டியல் ஏப்ரல் வரைக்கும் போய்விட்டது.

புரோக்கர் நஞ்சப்பன் டைரியை வாங்கி
கண்ணாடியை நெற்றியில் ஏற்றி
விரல் வைத்துப் படித்தார்.
"இப்படி ஒரு ஊடு கெடச்சா
உங்களுக்கு ஏனுங் காட்டறேன்,
நானே குடி போயிருவனுங்."
சொல்லிவிட்டு எக்ஸெல்லை உதைத்து
முன்னால் போனார்.
நாங்கள் பின்னால்.

வடவள்ளியில் மலை இருந்தது,
ஜன்னல் முழுக்க, கண் கூசும் நீலமாக.
சமையலறையில் இரண்டு பேர் நின்றால்
ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
சரவணம்பட்டியில் சமையலறை
பந்தி போடலாம், அவ்வளவு நீளம்.
போர் ஆயிரத்து இருநூறு அடி,
குழாயைத் திறந்தால் காற்று.
இருகூரில் ரயில் போகும்போது
அலமாரிக் கண்ணாடி மெல்லச் சிரித்தது.
எனக்குப் பிடித்திருந்தது.
வாசல் தெற்கு என்பதால் வெளியே சொல்லவில்லை.
சூலூரில் எல்லாம் சரி.
எப்படி எல்லாம் சரியாக இருக்கும் என்று பயந்து
டீ கூடக் குடிக்காமல் திரும்பினோம்.
அதில் இப்போது ஒரு பல் டாக்டர் இருக்கிறார்.
கேட்டுக்கு மஞ்சள் அடித்துவிட்டார்.
பஸ் அந்த வழியே போகும்போது
தெய்வசிகாமணி எதிர்ப்பக்கம் பார்ப்பார்.

ஆறு வருசம். அறுபத்து மூன்று வீடு.
எங்கள் நாற்பத்தெட்டு அறுபதானபோது
வீடுகள் தொண்ணூறுக்குப் போயிருந்தன.
ராத்திரி படுத்துக்கொண்டு
வடவள்ளி ஜன்னலைக் கழற்றி
சரவணம்பட்டிச் சமையலறையில் மாட்டுவேன்.
இவர் தூக்கத்தில்
கார் நிறுத்த இடம் கேட்பார்.
எங்களிடம் கார் இல்லை.

இதெல்லாம் கணபதியில்,
லேத் பட்டறைக்கு மேல்,
ஒன்பது வருசமாகக் குடியிருக்கும் மாடி வீட்டில்.

போன செவ்வாய் வீட்டுக்காரம்மா துளசிமணி
போன் செய்தார்: "ஊட்ட வித்தரலாம்னு இருக்கறமுங்.
ஞாயித்துக்கெழம பாக்க வருவாங்."

வந்தார்கள். கூட்டி வந்தவர் நஞ்சப்பன்.
செருப்பைக் கழற்றும் சாக்கில்
என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்.
அந்தப் பெண்ணுக்கு இருபத்தேழு இருக்கும்.
சுவரை விரல் முட்டியால் தட்டினாள்,
நான் தட்டுவதைப் போலவே, மூன்று தடவை.
புருசன் போனில் திசை பார்த்து
கட்டிலைச் சுற்றி வந்தான்.

"வாசல் வடக்குங்களா?"
"வடக்குதான். கொஞ்சம் கிழக்கு."
இந்த வீட்டுக்காக நான் பேசியது
அதுதான் முதல் தடவை.
"சிறுவாணிங்களா?"
"பில்லூர். பருப்பு நல்லா வேகும்."
"கீழ சத்தம்?"
"ஆறு மணிக்கு நிறுத்தீருவாங்க.
நின்ன பின்னாலதான்
சத்தம் இருந்ததே தெரியும்."
தெய்வசிகாமணி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
அவள் போனில் எதையோ மேலே தள்ளினாள்.
தள்ளிக்கொண்டே இருந்தாள், நீளமாக.
"மலை தெரியுமுங்களாக்கா?"
நஞ்சப்பன் இருமினார்.

"டேங்க்கு மேல ஏறினா தெரியும்."
நான் ஏறிப் பார்த்ததே இல்லை.

துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு
நிஜமாகவே ஏறிவிட்டாள்.
இரும்பு ஏணிக்கு ஒரு கால் குட்டை,
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
நெடுநேரம் மேலே பேச்சில்லை.
நான் அடுத்த பொய்யைத் தயார் செய்தேன்.

"ஐயோ, தெரியுதுங்க்கா!
ரெண்டு அபார்ட்மெண்டுக்கு நடுவுல,
சின்னதா,
அச்சுவெல்லமாட்ட!"

ஏணியை விட்டால் ஆடும்.
"எந்தப் பக்கம்?" என்றேன்
கீழே நின்றபடியே.