மூன்று மில்லிமீட்டர்

தங்க சாலையில் என் கடை.
மேலே எவர்சில்வர் கிடங்கு, வாசலில் சாக்கடை மூடி.
டிசம்பர் பிறந்தால் வானியல் புவியியற்பியல் கழகத்து பியூன்
மஞ்சள் பையில் இரண்டு மெடல் கொண்டுவருவார்.
ஒன்று ஆகாசத்துக்கு, ஒன்று பூமிக்கு.
வெள்ளிதான், மேலே தங்க முலாம்.
உரசவே வேண்டாம், கையில் எடுத்தால் தெரியும்.

பின்பக்கம் என் பக்கம்.
பெயருக்கு ஒரு வரி, காரணத்துக்கு ஒரு வரி,
வரிக்கு இருபத்திரண்டு எழுத்து, இடைவெளி சேர்த்து.
முப்பது வருஷ உழைப்பை அதற்குள் மடக்கி அனுப்புவார்கள்.
மடங்காவிட்டால் போன் போட்டு என்னையே கேட்பார்கள்:
எதை எடுக்கலாம்?
'மற்றும் குழுவினர்' என்பதை எடுங்கள் என்பேன்.
எப்போதும் அதுதான் போகும்.

இந்த வருஷ ஆகாசம்
எழுபத்தொரு வயதுக்காரர் ஒருவருக்கு.
நட்சத்திர வெளிச்சமும் தாமதமாகத்தானே வருகிறது என்று
மேடையில் யாராவது சொல்வார்கள்.
வருஷா வருஷம் சொல்கிறார்களாம், பியூன் சொன்னது.

பூமி, முனைவர் கே. ஆர். செண்பகவல்லிக்கு.
காரணம்: 'நகர அதிர்வு நீக்கும் முறை'.
எண்ணினேன். பதினாறு.
முதல் தடவையாக இடம் மீந்தது.

மறுநாள் அந்த அம்மாவே வந்துவிட்டார்,
ஷேர் ஆட்டோவில், மழையில் புடவைக் கரை நனைந்து.
நுங்கம்பாக்கத்து நிலவறையில் ஓர் உருளையாம்,
சுற்றிய காகிதத்தில் ஊசி கிறுக்கிக்கொண்டே இருக்குமாம்.
பூமி எங்கே புரண்டாலும் அதில் விழும்.
பஸ் போனாலும் விழும்.
ஆடிக் கூழுக்கு அடிக்கிற மேளம், தீபாவளி வெடி,
மெட்ரோக்காரன் துளை போட்ட வருஷங்கள்,
புயலுக்கு முந்தின ராத்திரி கடல் கரையை முட்டுவது.
'இருபத்தாறு வருஷமா நான் செஞ்சது ஒண்ணுதான்' என்றார்,
'சென்னையைக் கழிச்சேன்.'

எது சென்னை என்று எப்படித் தெரியும்?

தினம் காலை எட்டரைக்குக் காகிதம் மாற்றியவர் தணிகாசலம்.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பார்:
2.10 தண்ணி லாரி.
4.40 சாவு மேளம், சூளைமேடு பக்கம்.
11.05 தெரியவில்லை.
அந்தத் 'தெரியவில்லை'களில்தான் அம்மாவுக்கு வேலை.
அவற்றில் மூன்று, அந்தமானுக்கு அப்பால் கடலடி நடுக்கம்.
ஓய்வு பெற்ற மறு வருஷம் மனிதர் போய்விட்டார்.
எந்தக் கட்டுரையிலும் பெயர் வரவில்லை.

தணிகாசலம். ஆறு எழுத்து.
மீந்த ஆறில் உட்காரும், இடைவெளி விடாமல் எழுதினால்.
விட்டால் இருபத்துமூன்று.
தவிர, அது கழகம் படிக்கிற பக்கம்.
'விளிம்புல போடுங்க' என்றார்.
விளிம்பு மூன்று மில்லிமீட்டர்.

லென்ஸை மாட்டிக்கொண்டு உளியை எடுத்தேன்.
எழுத்து என்பது வேறென்ன, வெள்ளியைக் கழிப்பதுதான்.
'ணி'யின் வளைவில் இருந்தபோது வாசலில் லாரி.
மேலே குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன,
மேஜை ஆடியது, கை ஆடவில்லை.
முப்பத்தெட்டு வருஷமாக நானும் கழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்,
காகிதம் இல்லாமல்.

கூலி வாங்கவில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும்.
அறுபது ரூபாய் வாங்கினேன்.

விழாவுக்கு மறுநாள் பேப்பரில் போட்டோ.
மெடல் நேராகத் தெரிகிறது. விளிம்பு தெரியாது.
கே. எஸ். செண்பகவல்லி என்று அச்சடித்திருக்கிறார்கள்.

மெடலில் சரியாக இருக்கிறது.