நீலக் கோடு

பரதராமி சோதனைச் சாவடிக்கு
ராத்திரி ரெண்டு மணிக்கு
மதனப்பள்ளித் தக்காளி வரும்.
கம்பைத் தூக்குவேன், நம்பரை எழுதுவேன்,
கம்பை இறக்குவேன்.

இதே வேலையைத்தான்
பட்டாளத்திலிருந்தபோது லெபனானில் பார்த்தேன்.
அங்கே கம்பு கிடையாது.
நீலம் அடித்த பீப்பாய்கள்
மலைச்சரிவில் ஆங்காங்கே.
அந்தப் பக்கம் ஒரு தேசம், இந்தப் பக்கம் ஒரு தேசம்,
நடுவில் வெள்ளாடு.

என்னோடு ரோந்து வந்தவன் டெக்லன்,
அயர்லாந்துக்காரன்.
வெயிலில் மூக்கு உரிந்து உரிந்து
மார்கழி வரை சிவப்பாகவே இருந்தான்.
உன் நாடு எவ்வளவு பெரியது என்றேன்.
உங்கள் மெட்ராஸ் ஜனத்தை அங்கே இறக்கினால்
எங்கள் மாடுகளுக்கு நிற்க இடமிருக்காது என்றான்.
பீரங்கி?
எண்ணிவிடலாம்.
போர் விமானம்?
சிரித்தான்.
"எங்களைப் பார்த்து யாருக்கும் பயமில்லை.
அதுதான் எங்கள் வெளியுறவுக் கொள்கை."

அவன் நாட்டார் ஒரு ஊர் ஆஸ்பத்திரிக்கு
ஜெனரேட்டர் கொடுத்தார்கள்.
மந்திரி வந்தார், ரிப்பன் வெட்டினார்,
டீசலுக்கு யார் பணம் என்று யாரும் கேட்கவில்லை.
மூன்றாம் மாதம் அதன் நிழலில் ஆடு படுத்தது.
டெக்லன் தன் சம்பளத்தில்
ரெண்டு கேன் வாங்கி வந்து ஊற்றினான்.
அதைக் கொள்கை என்று சொல்ல முடியாது.

ஏன்டா இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று கேட்டேன்.
உருளைக்கிழங்கு கறுத்து அழுகிய
ஒரு வருஷத்தைச் சொன்னான்.
வாயில் புல்லோடு செத்துக் கிடந்தவர்களை.
அப்போது கல்கத்தாவிலிருந்துகூடப் பணம் வந்ததாம்,
கணக்கு இருக்கிறதாம்.
தாது வருஷம் என்றேன் நான்.
இங்கிலீஷில் அதற்கு மேல் வரவில்லை.
கையால் காட்டினேன்:
வயிறு,
புற்றைத் தோண்டி
எறும்பு சேர்த்த தானியத்தைப் பொறுக்கியது,
அதே மாதம் துறைமுகத்தில்
மூட்டைகள் கப்பலேறியது.
உங்களுக்கு யார் அனுப்பினார்கள் என்றான்.
நான் பீப்பாய்க்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டில் எழுதுவோம்.
09.40. ஆடு பதினொன்று, தெற்கே கடந்தன.
10.15. ஆடு பத்து, திரும்பின.
அந்த ஒரு ஆட்டுக்காக மூன்று தேசத்து அதிகாரிகள்
கூடாரத்தில் உட்கார்ந்து காபி குடித்தார்கள்.
யாரும் சுடவில்லை.

போன சித்திரையில் நம் ஓடையில்
மேற்கேயிருப்பவர்கள் மணல் மூட்டையை
ரெண்டு வரிசை உயர்த்தினார்கள்.
அங்கே நீள்ளு, இங்கே தண்ணி.
எப்படிச் சொன்னாலும் அந்த வாரம்
கணுக்கால் ஆழம்தான்.
கடப்பாரையோடு நம்மவர்கள், மண்வெட்டியோடு அவர்கள்,
பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சம்பந்தி.

டூட்டி முடிந்து வந்த சட்டையோடு
டார்ச்சும் கையுமாக
மூட்டை மேல் ஏறி நின்றேன்.
பேசவில்லை.
பேசினால் ஏதாவது ஒரு பாஷையில் பேசியாக வேண்டும்.
நின்றேன்.
என்னைப் பார்த்து யாருக்கும் பயமில்லை
என்பது நன்றாகத் தெரிந்தது.

கல் வந்தது. தோள்பட்டையில்.
அது விழுந்த தண்ணீர் தெளிகிற வரை
இரண்டு கரையும் அதையே பார்த்தது.
யாரோ பீடி பற்றவைத்தார்கள்.
பிறகு ஒரு வரிசை மூட்டை இறங்கியது,
ஒரு வரிசை இருந்தது.
இப்போது இரண்டு ஊரும் என்னைத் திட்டுகிறது.

எறிந்தது யார் எத்திராஜுலு என்று
தாசில்தார் கேட்டார்.
எழுதிக் கொடுத்தேன்.
06.20. கல் ஒன்று. திசை தெரியவில்லை.

எறிந்தது என் மச்சினன் மகன் யுகந்தர்.
அந்தக் கூட்டத்தில் இடது கைக்காரன் அவன் ஒருவன்தான்.
அன்று ராத்திரி சாவடி ஜன்னலில்
தைல பாட்டில் ஒன்று இருந்தது,
செருப்புச் சத்தம் இருட்டில் போனது.
அதையும் எழுத வேண்டுமா என்று
பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.
தக்காளி லாரி ஹாரன் அடித்தது.