ரெண்டு பவுன்

கடைசல் பட்டறை லத்தீபு
மூன்று கதிர்களை மேஜைமேல் வைத்தான்.
உருண்டன.
கையை அணைபோட்டு மறித்தான்.
"பம்பரம்னா ஆணி இருக்கணும்,
செப்புச் சட்டின்னா குழி இருக்கணும்.
இது என்னக்கா ரெண்டுங்கெட்டான்?"

ரேஷன் கடையில் எடை போடுகிறவள் நான்.
சர்வர் வராத மதியங்களில்
கைரேகை மெஷினில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும்.
வரிசை என் முகத்தைப் பார்க்கும்.
அது மட்டும்தான் சுற்றுமா என்று
ஒரு நாள் தோன்றியது.
வேறு பெரிய காரணமெல்லாம் கிடையாது.

தலையணையைக் கிழித்து
இலவம்பஞ்சில்தான் முதலில் முயன்றேன்.
கடன் வாங்கினவன் பேச்சு மாதிரி
வழுக்கிக்கொண்டே போனது.
அரிசி லாரி டிரைவர் எட்டயபுரத்துக்காரர்,
ஒரு பை கருங்கண்ணி கொண்டுவந்தார்.
குட்டை இழை.
தொட்டால் விரலைப் பிடித்துக்கொண்டது.

உருளைக்கிழங்கில் பென்சில் குத்தி
ஒரு வாரம் நூற்றேன்.
கிழங்கு வாட வாட
நூல் மெலிந்துகொண்டே வந்தது.
அப்படித்தான் தெரிந்தது
எடை முக்கியமென்று.
எட்டாம் நாள் கிழங்கு முளைவிட்டது.
அம்பாசமுத்திரம் பஸ் ஏறினேன்.

முதல் கதிர், சிவப்பும் மஞ்சளுமாய் அரக்கு ஏற்றியது.
அதற்காகவே எடுத்திருப்பேன்.
சுழற்றிவிட்டதும் தலையாட்டியது,
ஒரு பக்க வடத்தை மட்டும் இழுத்த தேர் போல.
"சக்கரம் இந்தப் பக்கம் பெருத்திருக்கு, லத்தீபு."
அவன் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான்,
ஒன்றும் பேசவில்லை.

அடுத்தது தேக்கு. ஆடாது, அசையாது.
ஆனால் நூல் ஒரு முழம் வளருமுன்
தன் பாரத்தால் தானே அறுத்துக்கொண்டு
என் பெருவிரலில் விழுந்தது.
அதற்குக் கம்பளி வேண்டியிருக்கும்.
இந்த வெயிலில் கம்பளிக்கு நான் எங்கே போவேன்?

மூன்றாவது,
அளவு தப்பிப்போன செப்புப் பானை மூடி.
நடுவில் துளை போட்டுக் குடைக்கம்பி சொருகியது.
நுனியை வளைத்துக் கொக்கி.
விளிம்பில் உளி பட்ட ஒரு தழும்பு.
சுழற்றினேன்.
தழும்பு கோடாயிற்று, கோடு வளையமாயிற்று,
பிறகு அது சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.
ஒரு முழம். ரெண்டு முழம்.
நூல் அறவில்லை.

எத்தனை கிராம் என்று அறிய வேண்டியிருந்தது.
எடை போடுகிறவளின் புத்தி அது.
என் கடைத் தராசு மூட்டைக்கென்று பிறந்தது,
நூறு கிராமுக்குக் கீழே யாரையும் மதிக்காது.
எதிரே நகைக்கடை.
பிரமநாயகம் அண்ணாச்சி
கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்றையும் ஒவ்வொன்றாய் வைத்தார்.
தேக்கு அஞ்சு பவுன்.
அரக்கு மூணரை.
மூடி பதினாறு கிராம். "ரெண்டு பவுன், சுத்தம்.
செய்கூலி சேதாரம் கிடையாது தாயி."
கடையில் எல்லோரும் சிரித்தோம்.

ரெண்டு பவுன்தான்
கூட்டுறவு பேங்கில் கிடக்கும் என் சங்கிலியும்.
அவர் தராசில் எடை போட்டு வாங்கியது.
அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.
துடைத்திருந்த தராசை
மறுபடியும் துடைத்தார்.

கழுத்தில் கிடந்த வருஷமெல்லாம்
அதன் எடை எனக்குத் தெரிந்ததில்லை.
குளித்தேன், தூங்கினேன், மூட்டை இழுத்தேன்.
இப்போது நூலின் கீழ்முனையில்
தொங்கும்போது தெரிகிறது.
இவ்வளவுதானா என்றும்
இவ்வளவா என்றும்.

லத்தீபு மூடிக்குக் காசு வாங்க மாட்டேனென்றான்.
கம்பிக்கு மட்டும் இருபது ரூபாய்.
அரக்குக் கதிரைத் திரும்பக் கடைசலில் மாட்டிக்கொண்டிருந்தான்,
நான் கிளம்பும்போது.

இன்று மதியம் சர்வர் இல்லை.
ஸ்டூலில் ஏறி நின்று கதிரை இறக்குகிறேன்.
முறுக்கு ஏறுகிறது. அங்கே வட்டியும் ஏறும்.
"இது எந்தக் கார்டுக்குத் தாறீக?"
வரிசையில் ஒருத்தன் கேட்கிறான்.
"யக்கா, வந்துட்டு, வந்துட்டு!"
எட்டிப் பெருவிரலை வைக்கிறேன்.
ரேகை பொருந்தவில்லை என்கிறது மெஷின்.
விரலெல்லாம் பஞ்சு.

சேலையில் துடைத்துவிட்டு
மறுபடி வைக்கிறேன்.