நீலம்

மேற்கு வர்ஜீனியா வரைபடத்தில்
எங்கள் பள்ளத்தாக்கு நீலம்.
நீலமென்றால் இணையம் வந்துவிட்டது.

சாலை முனையில் கம்பம்,
அதனடியில் ஒரே வீடு, பல் டாக்டர் ப்ரூயிட்டுடையது.
அவருக்கு வந்தால் பதினேழு வீட்டுக்கும் வந்ததாம்.
அவர் சாப்பிட்டு நாங்கள் ஏப்பம் விடுகிற கணக்கு.

கேபிள் இழுக்க வெர்லீனிடம் கேட்ட தொகைக்கு
அவள் வண்டியையே விற்க வேண்டும்.

வரைபடம் தப்பென்று முறையிடலாம்,
இணையம் வழியாக மட்டும்.

பன்னிரண்டு மைல் இறங்கி
பிட்சாக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி
அவர்கள் வைஃபையில் படிவத்தை ஏற்றினாள்.
பின்சீட்டில் மகன் பாதிப் பின்னக் கணக்கோடு தூங்கிவிட்டான்.
எண்பத்தொரு சதவீதம்.
இன்னும் எண்பத்தொன்றுதான்.

கடைக்காரன் விளக்கையெல்லாம் அணைத்துப் பூட்டிப்போனான்,
ரூட்டரை மட்டும் விட்டுவிட்டு.