சார்ந்திருப்பவர்

அப்புத்தளையில் விடிவதற்குள்
மூன்று முறை கழிப்பறை வரிசையில் நின்றாயிற்று.
ஆறேகாலுக்குத் தண்டவாளத்தருகே விசில் ஊதினார்கள்.
இருபத்தொரு கிலோமீட்டர், அப்புறம் ஒரு நூறு மீட்டர்.
அந்த நூறை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கோமதிநாயகம் நெஞ்சில் 417, என் நெஞ்சில் 418.
ஊக்கு குத்தும்போது ஒன்று தோலில் ஏறியது.
"ஸாரி" என்றான். குளிரில் வலிக்கவில்லை.

கொழும்பில் பழகிய கால்கள் எங்களுடையவை.
காலிமுகத்திடல், கடலோரம், தட்டைச் சாலை.
நாங்கள் அறிந்த பெரிய ஏற்றம்
வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒரு வேகத்தடை.
இங்கே முதல் வளைவிலேயே
சாலை எழுந்து நின்றுகொண்டது.

ஒப்பந்தம் முந்தின இரவே போட்டிருந்தோம்:
சேர்ந்து ஓடுவது, சேர்ந்தே முடிப்பது,
விசாவைப் பற்றிப் பேசாமலிருப்பது.

டிசம்பரில் முடிகிறது.
அவன் கம்பெனி நீட்டிக்கலாம். நீட்டிக்காமலும் விடலாம்.
ஏழு வருடம் தென்காசியில் ஊரார் கணக்கைத் தணிக்கை செய்தவளுக்கு
படிவத்தில் ஒரே கட்டம், ஒரே சொல்:
சார்ந்திருப்பவர்.

ஏற்றத்தில் அவனுக்கு மூச்சு வாங்கும்.
"ரோட்டைப் பாக்காத, என் முதுகைப் பாரு" என்றேன்.
பார்த்தான்.
தம்பத்தென்ன வரைக்கும்
418க்குப் பின்னால் 417 வந்துகொண்டிருந்தது.

நாங்கள் சாலையோடு வளைந்து வளைந்து ஏற
கொழுந்துக்குப் போகும் மூன்று பெண்கள்
குறுக்குப் படியில் நேராக ஏறினார்கள்.
முதல் வளைவில் எங்களுக்கு முன்னால் நின்றார்கள்.
அடுத்ததிலும்.
மூன்றாவதில் சிரிப்பை அடக்க முடியாமல்
தலைச்சாக்கைச் சரிசெய்தபடி ஒருத்தி கேட்டாள்:
"எந்தத் தோட்டம் புள்ள நீ?"

"தென்காசி."

"அப்ப ரொம்பத் தூரந்தான் ஓடி வந்திருக்க."

பிறகு, நான் கடந்து போனதும், முதுகுக்குப் பின்னால்:
"எங்க சித்தி கோத்தகிரியில இருக்கு.
ஓடியெல்லாம் போகல. கப்பல்ல ஏத்தி விட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன்.
அவள் அதற்குள் தேயிலைக்குள் இடுப்பளவு இறங்கியிருந்தாள்.

ஃபேக்டரிக்கு மேலே திருப்பம்.
இஞ்சி போட்ட பிளேன்ட்டி, உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி.
வறுத்த இலையின் வாசனை
வியர்வையில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.
இறக்கத்தில் அவன் ராஜா.
எனக்கு முழங்கால்.
படி இறங்கும் குழந்தைபோல் ஒவ்வொரு காலாய் வைத்தேன்.
அவன் போகவில்லை. பக்கத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான்,
பிரேக் பிடித்த லாரி மாதிரி முனகியபடி.

பதினாறாவது கிலோமீட்டரில் பனி வந்தது.
எனக்கு முன்னால் என் ஷூ தெரிந்தது, அவ்வளவுதான்.
அப்போது பார்த்துத்தான் கேட்டான்:
"வேணாம்னு சொல்லிரட்டுமா உலகு?
போயிரலாமா?"

மூச்சில்லாதவளிடம் கேட்கிற கேள்வியா இது.
"அந்த வளைவு வரைக்கும் ஓடு, சொல்றேன்."
வளைவு வந்தது.
"அடுத்த வளைவு."
அதுவும் வந்தது.
இப்படியே ஐந்து கிலோமீட்டரைக் கழித்தோம்.

கடைசி நூறு மீட்டர், யாரும் சொல்லாத அந்த நூறு,
அவன் ஆடுசதை இழுத்துக்கொண்டது.
ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான்.
நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தேன்.
"அக்கா நீங்க போங்க!" என்று ஒரு பையன் கத்தினான்.
நான் போய் என்ன செய்ய?

முடித்தோம். மணிப்பொறி எங்களை ஒரு விநாடி பிரித்திருந்தது.

மண்டபச் சுவரில் ஒட்டிய தாளில்
212: கோமதிநாயகம், இந்தியா.
213: உலகம்மாள், இலங்கை.

பதிவு மேசையில் அந்தத் தம்பி தமிழில் கேட்டான்,
நான் தமிழில் பதில் சொன்னேன், வேறொன்றுமில்லை.

"மாத்தச் சொல்லு" என்றான்.
பென்சில் நூலில் கட்டிப் பக்கத்திலேயே தொங்கியது.
நான் வாழைப்பழத்தை உரித்தேன்.
பாதியை அவனுக்குக் கொடுத்தேன்.

ரயிலுக்குப் போக இருபத்தாறு படி இறங்க வேண்டும்.
தொடை கேட்கவில்லை.
இருவரும் திரும்பி நின்று
ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு
பின்பக்கமாகவே இறங்கினோம்,
அவன் எண்ணிக்கொண்டே வந்தான்,
பதினொன்றில் தப்பவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.