மூயி ரிவரிலிருந்து இழுத்து வந்தது

மூயி ரிவர் டோலுக்கு முன்னால்
கிளட்ச் கருகி நின்றது ஒரு நீல டொயோட்டா.
நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை,
புல்லெல்லாம் உறைபனி.
மற்றவர்கள் என்றால் போனைக் காதில் வைத்து
யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள்.
இவள் சாலைக்காக வெட்டிய மேட்டில்
டார்ச்சும் முகமுமாக ஒட்டிக்கொண்டு நின்றாள்.
கல்லை நக்கியதையும் பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

பெயர் ஸாமா. படிப்பு, பாறை.
டர்பன் வரை இழுக்க வேண்டும், என்றாள்,
முடிந்தால் மெதுவாக.
பதினெட்டு வருஷத்தில்
யாரும் என்னிடம் கேட்காத வார்த்தை.

இறங்கிக்கொண்டே போகிறோம், என்றாள்.
பிரேக்கைக் கேள், அது சொல்லும், என்றேன்.
அதில்லை குபேன்,
இனி வரும் ஒவ்வொரு வெட்டும்
முந்தினதைவிட மூத்தது.

ஹில்டனில் மூடுபனி.
டவுன் ஹில் இறக்கத்தில் சாம்பல் களிப்பாறை,
அப்பளக் கட்டு மாதிரி.
இந்த இடம் எனக்குப் பாடம்.
மழை பெய்தால் மேடு சரியும்,
பெய்யாவிட்டால் லாரி சரியும்.
தக்காளி, கோழி, ஒருமுறை
முந்நூறு பள்ளிக்கூட நாற்காலிகள்,
எல்லாவற்றையும் இங்கேதான் பொறுக்கியிருக்கிறேன்.
கடலடிச் சேறு இது, என்றாள்,
கல்லாகியும் அந்தப் புத்தி போகவில்லை.

கேம்பர்டவுன் அருகே நிறுத்தச் சொன்னாள்.
மஞ்சள் விளக்கு சுழலச் சுழல
ஓரத்தில் இறங்கினோம்.
நீலச் சாம்பல் பாறை.
அதன் உடம்பெங்கும் வேறு வேறு கல்,
சிவப்பு, வெள்ளை, முட்டையளவு, தலையளவு.
கான்கிரீட், என்றேன், எவனோ மோசமாகக் கலந்தது.
பனி, என்றாள்.
மலை கனத்தில் பனிக்கட்டி நகர்ந்து வந்தது,
எங்கெங்கோ கிடந்த கற்களை இழுத்துக்கொண்டு.
உருகிய இடத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டது.

இழுத்துக்கொண்டா?
ஆமாம்.
எவ்வளவு தூரம்?
சிலதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்.
நான் கிலோமீட்டருக்கு இருபத்தெட்டு ராண்ட் வாங்குகிறேன்.
யாரிடம் பில் கொடுத்திருக்கும் என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.

இதே பனி இந்தியாவிலும் கிடந்தது, என்றாள்,
அப்போது நடுவில் கடலே இல்லை.
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.
கொள்ளுத்தாத்தா வந்த கப்பலின் பெயர்கூட
எனக்குத் தெரியாது.
பின் டயரில் காற்று குறைவு,
அதுதான் அப்போதைய கவலை.

மரியன்ஹில்லில் சிவந்த மணற்கல்,
இன்னும் மூத்தது.
அதற்கப்புறம் கணக்கு உதைத்தது.
வெஸ்ட்வில் பக்கம் மறுபடியும் அதே நீலக் கல்.
மேலே பார்த்தது கீழே எப்படி?
கண்டம் உடைந்தபோது, என்றாள்,
கடலோரத் தரை துண்டு துண்டாக நழுவிச்
சாய்ந்துவிட்டது.
சேஸி வளைந்திருக்கிறது, என்றேன்.
அதேதான், என்று தொடையைத் தட்டினாள்.

சாட்ஸ்வர்த் ஒர்க்‌ஷாப்பில் படிவம் நிரப்பினோம்.
எங்கிருந்து. எதுவரை. காரணம்.
கையெழுத்து கோணலாக இருந்தது,
குளிரில் விரல் விறைத்திருந்தது.

அடுத்த வாரம் மழை.
கேம்பர்டவுனில் ஒரு வெள்ளைக் கார் கவிழ்ந்து
சொந்தக்காரர் குடையில்லாமல் நின்றிருந்தார்.
என் டார்ச் முதலில் சுவருக்குப் போனது.
பாதி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு செங்கல்நிறக் கல்,
நனைந்து மினுங்கியது.
பிடித்து ஆட்டினேன்.
அசையவில்லை.

என்ன பார்க்கிறீர்கள், என்றார் அவர்.
ஒன்றுமில்லை என்று
கொக்கியை எடுக்கப் போனேன்.